ஆலங்காயம் பஸ்ஸில் ஒரு இன்டர்வியூ

என் வாயாடிச் சம்பந்தி ஸ்டெல்லாவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் நாலாவது லைன் பிழைத்துவிட்டது. இனிமேல் அதைக் கலைக்கிற பேச்சே இல்லை என்று நேற்று சாயங்காலம் மேனேஜர் தன் வாயாலேயே சொன்னார். கேட்டதும் உன்னிடம் சொல்ல ஓடினேன். லைன் வரைக்கும் போன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். உனக்குத்தான் கூட்டம் என்றால் பிடிக்குமே.

படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். நாம் நிஜச் சம்பந்தி இல்லை. கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் என் பையனும் உன் பெண்ணும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், அன்றைக்கு ஆரம்பித்த கேலி அது. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பட்டம் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனியில் நீ நாலாவது லைனுக்கு, அதாவது நாலாவது மிஷின் வரிசைக்கு, சூப்பர்வைசர். நான் அங்கேயே ஹெச்.ஆர். ஆள் எடுப்பதும், எடுத்த ஆளைத் தேற்றி மேலே கொண்டுவருவதும் என் பாடு.

நீ கண்ணை மூடினதும் உன் இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தோம். எந்த மிஷினையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டுவார். மனுஷரிடம் பேசத்தான் தெரியாது. எதற்கெடுத்தாலும் கத்தல். பெண்கள் ஒவ்வொருத்தியாக வேலையை விட ஆரம்பித்தார்கள். கடைசியில் அவரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு சூப்பர்வைசர் போட்டுப் பாருங்க மேடம். அதுக்கப்புறமும் ஆளுங்க வேலைய விட்டு நின்னுட்டாங்கன்னா லைனைக் கலைச்சிட வேண்டியதுதான். இருக்கிறவங்கள ராணிப்பேட்டை யூனிட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற நம் பெண்களில் எவள் அவ்வளவு தூரம் ராணிப்பேட்டைக்குத் தினமும் போய் வருவாள்? அனுப்புவது என்றால் வீட்டுக்கு அனுப்புவதுதான்.

இந்தத் தடவை லைனுக்குள்ளிருந்தே எடுப்பது என்று பிடிவாதமாக நின்றேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். குணத்தை அளந்து பார்க்கத் தலைமை அலுவலகம் ஒரு கேள்வித்தாளை அனுப்பியிருந்தது. குழுவில் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. இரண்டு பேர் பொறுமை, அன்பு, அனுசரிப்பு என்று தேன் ஒழுக எழுதியிருந்தார்கள். மூன்றாவது ரேவதி. கடைசி மிஷினில் உட்காருவாளே, வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லுமே, அவளேதான். "யார் மேல தப்போ அவங்களத் திட்டுவேன்" என்று எழுதியிருந்தாள். உன்கிட்ட என்ன குறை என்று நேரில் கேட்டேன்.

"கோவம் வரும் மேடம். சாப்பாடு லேட்டானா இன்னும் ஜாஸ்தியா வரும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை மனசுக்குள் கழித்துவிட்டேன்.

அப்புறம் நீ அடிக்கடி என்னைச் சீண்டுவது ஞாபகம் வந்தது. "ஆபீஸ் ரூம்ல எல்லாருமே நல்லவங்கதான் சம்பந்தி. ஏசி போட்டு உக்கார வெச்சா நான்கூட நல்லவதான். காலைல எங்க பஸ்ல வந்து பாரு, எவ எப்படின்னு தெரியும்" என்பாய். சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் சொதப்பினேன். என்னை ஆலங்காயத்திலேயே ஏற்றிக்கொள்ளச் சொல்லி டிரைவர் முருகேசன் அண்ணனுக்கு முந்தின நாள் போன் பண்ணினேன். ரகசியம் என்று வேறு சொன்னேன்! நம் முருகேசன் அண்ணனிடம் போய் ரகசியம் சொல்வார்களா? நீ கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

விடியற்காலையில் என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார், வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே. பஸ்ஸில் ஏறினேன். ஸ்டெல்லா, ஒருத்தியும் உட்காரவில்லை! சீட்டெல்லாம் காலி. அத்தனை பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "நீங்க உக்காருங்கக்கா", "பரவால்ல, நீ உக்காரு" என்று ஒரே உபசரிப்பு. தேனாக எழுதின இரண்டு பேரும் மற்றவர்களின் பையைக்கூட வாங்கித் தாங்களே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில்கூட நான் அவ்வளவு மரியாதையைப் பார்த்ததில்லை.

அடுத்த நிறுத்தத்தில் ரேவதி ஏறினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். "இன்னா, எல்லாருக்கும் வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டு, நேராகப் போய் உன் சீட்டில் உட்கார்ந்தாள்.

உனக்கு இதைச் சொல்லவில்லையே. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் உன் ஜன்னல் சீட்டில் நீ போனதிலிருந்து யாருமே உட்காருவதில்லை. பஸ் பிதுங்கி வழிந்தாலும் அது காலிதான். வெள்ளிக்கிழமையானால் யாராவது ஒரு முழம் மல்லிகையை அந்த ஜன்னல் கம்பியில் சுற்றிவிடுவார்கள். ரேவதி அதில் உட்கார்ந்ததும் உபசரிப்பெல்லாம் நின்றுவிட்டது. எனக்கே சுருக்கென்றது.

"இன்னாடி, ஸ்டெல்லாக்கா சீட்ல போய் உக்கார்ற?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"அக்கா இருந்தா இந்நேரம் உங்க எல்லாரையும் திட்டியே உக்கார வெச்சிருக்கும். நாள் பூரா மிஷின் மிதிக்கணும், இங்கயே காலை ஒடிச்சிக்கிறீங்க. மேடம் மார்க் போடுவாங்கன்னா?" என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். மாசமாக இருக்கிற நந்தினியைக் கையைப் பிடித்து இழுத்து அந்த சீட்டில் உட்கார வைத்தாள். "காத்து வர்ற சீட்டைக் காலியா வெச்சிக்கினு இவள நிக்க வெக்கிறீங்க. பூ வெச்சா ஆச்சா?"

ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், பஸ் பூராவும் சிரிப்பு. எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். வாணியம்பாடி வருவதற்குள் நான் ஆளை எடுத்துவிட்டேன்.

எடுத்ததோடு வேலை முடிந்ததா? முதல் வாரமே கோணலாகிவிட்டது. நந்தினி தைத்த ஒரு மேல்பாகத்தில் தையல் கோட்டை விட்டு ஓடிப்போயிருந்தது. ரேவதி அதை எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இது யாரோட கைவேலை?" என்று கேட்டுவிட்டாள். முந்தின சூப்பர்வைசரின் பழக்கம் அது. மறுநாள் நந்தினி வரவில்லை. இன்னொருத்தி போகப் போகிறாள் என்று பேச்சு கிளம்பியது. மேனேஜர் காதுக்கு எட்டினால் கதை முடிந்தது.

ரேவதியை என் அறைக்குக் கூப்பிட்டிருந்தால் அதுவும் தூக்கிப் பிடித்துக் காட்டுவதுதானே? அதனால் நீ செய்வதைச் செய்தேன். கேன்டீனில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா மேடம், ஸ்டெல்லாக்கா மாதிரியே வந்து உக்கார்றீங்க? அப்ப நான் பெரிய தப்புதான் பண்ணியிருக்கேன்" என்றாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு மெதுவா சொல்ல வரல மேடம். அத எங்கயாவது சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அன்றைக்கே நந்தினி வீட்டுக்குப் போயிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மறுநாள் நந்தினி வந்தாள். அதிலிருந்து தையல் பிசகினால் ரேவதி அந்த மேல்பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறாள். குரல் மட்டும் இன்னும் குறையவில்லை. அவள் ரகசியம் பேசினால் மூன்றாவது லைன் வரைக்கும் கேட்கும். வாரா வாரம் டீயோடு மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறோம், வந்துவிடும். அதற்குப் பிறகு லைனை விட்டு ஒருத்தியும் போகவில்லை. போனவர்களில் சிலர் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

இன்று காலை இந்தச் சேதியைச் சொல்லத் திரும்பவும் ஆலங்காயம் பஸ் ஏறினேன். நந்தினி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள். ரேவதி என் முழங்காலைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் முட்டி வலியாச்சே, உக்காருங்க" என்று தோளைப் பிடித்து உன் சீட்டில் அழுத்திவிட்டாள். உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அடி கள்ளி ஸ்டெல்லா! எதிரே டிரைவரின் பெரிய கண்ணாடி. பஸ்ஸில் இருக்கிற அத்தனை முகமும் அதில் தெரிகிறது. அழுதுவிட்டு வந்தவள், தூங்காமல் வந்தவள், புதுக் கம்மல் போட்டுக்கொண்டு யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறவள், எல்லாரும். காற்றுக்காகத்தான் அந்த சீட் என்று இத்தனை வருஷம் என்னிடம் புளுகினாயே! லைனுக்குப் போவதற்கு முன்னாலேயே எவளுக்கு என்ன என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நான் வியந்துகொண்டே இருந்தேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அதையும் கண்ணாடியில் ரேவதி பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

சம்பந்தி, உனக்கு ஒரு வாக்கு. அந்த சீட்டைக் காலியாக இருக்க விட மாட்டேன். யாருக்குக் கால் வலிக்கிறதோ அவர்கள் உட்காரட்டும். அந்தக் கண்ணாடி சமாச்சாரத்தை ரேவதிக்கு மட்டும் சொல்லப் போகிறேன். முருகேசன் அண்ணனுக்குச் சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகளால் உனக்குச் சொந்தமான,
உன் சம்பந்தி சுமதி