மூன்றாவது தோட்டாவின் தாள்

இன்று காலை தெருமுனைக் கோயிலில் அதிர்வேட்டுப் போட்டார்கள். அதே நேரம் அடுக்களையில் மருமகள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். கரிமருந்துப் புகையும் மிளகாய் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏற, இருமி இருமிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஜன்னலைத் திறக்கவா மாமா?” என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்த இரண்டு நெடியும் சேர்ந்து வந்தால் எனக்கு அறைக்குள் நீ நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கவும் மனம் வராது.

வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் அந்தக் கல் குவாரியின் ஸ்டோர் நினைவிருக்கிறதா? நான் ஸ்டோர் கிளார்க், நீ டைப்பிஸ்ட். திருச்சிக்காரனான என்னை நீ ‘நீர்’ என்று கூப்பிடுவாய். அது ஏதோ ராஜமரியாதை என்று நான் கொஞ்ச நாள் மிதப்பில் திரிந்தேன். யாழ்ப்பாணத்தில் சிநேகிதனைக் கூப்பிடுவதே அப்படித்தான் என்று பிறகுதான் சொன்னாய்.

நம் முதலாளி அர்பாப், பாட்டனார் வைத்திருந்த பழைய ரிவால்வரைக் கொண்டுவந்த நாளும் நினைவில் இருக்கிறது. பித்தளைத் தோட்டா போடுகிற ரகம் இல்லை. ஆறு குழியிலும் கரிமருந்தை இடித்து நிரப்ப வேண்டும். குடும்பக் கல்யாணங்களில் அவர் அதை வானத்தைப் பார்த்துச் சுடுவார். மலைக்காற்று மருந்தைச் சிதறடிக்கிறது, காகிதத்தில் சுருட்டித் தோட்டாவாக்கித் தர ஆள் வேண்டும் என்றார். உன் அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை பார்த்தவர். பென்சிலில் தாளைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, மருந்தைக் கொட்டி, நுனியை முறுக்கி ஐந்தே நிமிடத்தில் ஆறு உருட்டிக் காட்டினாய். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான்.

தாள் தயார் செய்வது என் வேலை. ஆபீஸ் கார்பன் பிரதிகள், ஏர்மெயில் தாள், பார்சல் சுற்றி வந்தது என்று மெல்லியதாக எது கிடைத்தாலும் ஒரு பெட்டியில் சேர்ப்பேன். வெடியுப்புத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, அடுக்கி வைத்து வெட்டுவேன். எழுத்து இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? “நனைக்காமல் விட்டிடாதையும். தாள் மிஞ்சிக் கனண்டால் அடுத்த மருந்து கையிலேயே வெடிக்கும்” என்பாய். நீ சுருட்டிய தோட்டாவில் ஒரு நூல் சாம்பல்கூட மிஞ்சியதில்லை.

அந்த வருடம் உன் ஊரில் சண்டை. இரண்டு தடவை ரத்தான லீவு மூன்றாம் தடவை கிடைத்தது. நீ வந்த பிறகு பிறந்த மகளுக்கு, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை வாங்கி வைத்திருந்தாய். டிக்கெட்டை உறுதி செய்ய நீ துபாய் போயிருந்த பகலில், ஜெபல் அலியில் வேலை செய்கிற உன் ஊர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து ஊரிலிருந்து வந்து, உன் மனைவி கொடுத்துவிட்டதாக ஒரு பார்சலைத் தந்தார். பல மடிப்புத் தாளுக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் வறுத்த மிளகாய்த்தூள். பை ஓரத்தில் கசிந்திருந்தது. தூளை மெஸ்ஸில் கொடுத்தேன். தாளை உதறிப் பெட்டியில் போட்டேன்.

சாயங்காலம் வந்ததும் நீ கேட்டாய்: “கடிதம் ஒண்டும் இல்லையோ?”

“இல்லப்பா, தூள் மட்டும்தான்” என்றேன்.

மறுநாள் அர்பாப் வீட்டுக் கல்யாணம். தாளை நனைத்து உலர்த்த நேரமில்லை, சோம்பலும்தான். அப்படியே வெட்டிக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ சுருட்டினாய்.

வெயில் தாழ்ந்த நேரம். முதல் சுடுதலுக்கு எதிர்மலை ஒரு மூச்சு தாமதித்துப் பதில் கொடுத்தது. இரண்டாவதற்கும் கொடுத்தது. மூன்றாவதற்குக் கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எதிரொலியே வரவில்லை. அந்த அமைதிக்குள் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். அர்பாப்புக்குக் கண்ணீர் வழிந்தது. “ஷூ ஹாதா?” இது என்ன என்று அவர் திகைக்க, கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். அப்போதுதான் மேலேயிருந்து ஒரு தாள் துண்டு, காற்றே இல்லாமல், நேராக இறங்கி என் சட்டையில் ஒட்டியது.

விரல்நகம் அகலம் இருக்கும். சுற்றிலும் கருகி, நடுவில் மட்டும் நீல மை. நீ காட்டும் உன் மனைவியின் கடித உறைகளில் நான் பார்த்துப் பழகிய உருண்டைக் கையெழுத்து. “வராதேங்கோ. பஸ்ஸில” என்று இருந்தது.

நீ பத்தடி தள்ளி நின்றாய். நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறாயோ. பழைய கடிதம் ஏதோ பெட்டியில் கலந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காட்டினால் நீ போக மாட்டாய், இந்த லீவும் பாழாகும் என்றும் நினைத்தேன். இதெல்லாம் பின்னால் ஜோடித்த சமாதானம். தாளை நனைக்காதது தெரிந்தால் நீ திட்டுவாயே என்ற பயம்தான் முதலில் வந்தது. அவ்வளவு அற்பமான காரணம்.

மூன்றாம் நாள் விமான நிலையத்தில், பொம்மையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நான் வருமட்டும் ஒருத்தரையும் தோட்டா சுத்த விடாதையும்” என்றாய். நான் தலையாட்டினேன். துண்டு என் பையில்தான் இருந்தது.

நீ போன ஒன்பதாம் நாள் உன் பேருக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. “இப்ப வராதேங்கோ. பஸ்ஸில இருந்து ஆம்பிளையளை இறக்கிக்கொண்டு போகினம். தூள் பார்சலின்ர உள்தாளிலயும் இதையே எழுதிவிட்டிருக்கிறன். கொண்டு வாறவருக்கும் தெரியாது. ரெண்டில ஒண்டெண்டாலும் சேரட்டும்.”

நான் ஒழுங்காக நனைத்திருந்தால் அந்தத் தாள் முழுக்க எரிந்திருக்கும், நானும் எதுவும் அறியாதவனாக இருந்திருப்பேன். என் சோம்பலால் இரண்டு சொல் தப்பியது. அந்த இரண்டும் ஆறு தோட்டாவில், அத்தனை பேர் தலைக்கு மேலே, என்னைத் தேடி எப்படி இறங்கியது?

இரண்டு மாதம் கழித்து உன் மனைவி எனக்கே எழுதினாள். நீ கொழும்பில் பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லையாம். கடைசியில் ஒரு கேள்வி: “நான் ரெண்டு கடிதம் விட்டனான். அவருக்கு ஒண்டும் கிடைக்கேல்லையோ, அண்ணை?”

ஒன்றும் கிடைக்கவில்லை தங்கச்சி என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

துண்டு என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. மை வெளுத்துவிட்டது, கார நெடி மட்டும் போகவில்லை. கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் தும்முகிறேன். வயசு என்கிறாள் மருமகள். அவளிடமும் சொல்லவில்லை, உன் மனைவியிடமும் சொல்லவில்லை. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்று நீ போகும் முன்பே வந்து சேர்ந்தது. அதை நீயே உன் கையால் சுருட்டினாய். நான் படித்தேன்.