மறுமுனையில் இருந்தவளுக்கு

இன்று பிற்பகல் கணினி முன் உட்கார்ந்து தம்பி மகளுக்கு ஒரே ஒரு வரி தட்டினேன். ‘சாப்டியா?’ ஆங்கில எழுத்தில் தமிழ். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. என்டர் விசையை அழுத்தியதும் அந்த வரி மேலே ஏறியது. அதன் இடப்பக்கத்தில் நேரமும் என் பெயரும் நின்றன. பதில் வரவில்லை. கீழே ஒரு சின்னக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் நீ நினைவுக்கு வந்தாய்.

இதை எனக்குப் பழக்கியவளும் அந்தத் தம்பி மகள்தான். பக்கத்தில் ஆயர் குரோவில் கணினி வேலை பார்க்கிறாள். அவளுடைய அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். படம் கிடையாது, குரல் கிடையாது. “எழுத்து மட்டும்தான் அத்தை வரும். ஒங்களுக்கு இது சரியா இருக்கும்லா,” என்றாள். ஏன் சரியாக இருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குச் சிறு வயது முதலே பேச்சு திக்கும். தொலைபேசி மணி அடித்தால் இந்த எழுபத்து மூன்று வயதிலும் எடுக்காமல் ஓயவிடுவேன்.

உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

நாடு சுதந்திரம் வாங்குவதற்கு முந்தின ஆண்டு நான் கோலாலம்பூர் செந்தூலில் இருந்த பெற்றோர் வீட்டை விட்டு மலாக்கா தந்தி அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தேன். நேர்முகத் தேர்வில் என் பெயரைச் சொல்லி முடிக்கவே அரை நிமிடமானது. தட்டச்சில் மட்டும் எல்லோரையும் முந்தினேன். அதனால் என்னைத் தொலை அச்சுப் பொறியில் உட்கார வைத்தார்கள். நான் இங்கே தட்டினால் கோலாலம்பூரில் உன் பொறியில் அதே எழுத்து காகிதத்தில் விழும். நீ தட்டினால் இங்கே விழும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கென்றே யாரோ செய்துவைத்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய செட்டிகளின் வீடு ஒன்றில் அறை எடுத்திருந்தேன். அவர்கள் வீட்டில் சாமி பெயர்கள் தமிழ், பொங்கல் தமிழ், பேச்சு முழுக்க மலாய். வீட்டுக்காரம்மா நல்லவர். தினமும் நான் படியேறியதும், “சுடா மக்கான்?” என்று கேட்பார். சாப்பிட்டாயிற்று என்று தலையாட்டுவேன். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். சில வாரங்களில் நான் வாய்விட்டுச் சொன்ன தமிழ்ச் சொற்களை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

நீ அறிமுகமானது ஒரு பெயர்க் குழப்பத்தில். கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருந்தவருக்கு ஒரு தந்தி. ஆங்கில எழுத்தில் வந்த பெயர் வள்ளியா வல்லியா, எந்த ‘ல’ என்று புரியவில்லை. கேட்டேன். பெயரைத் தெளிவாக்கி அனுப்பினாய். பிறகு, “நீங்க தமிழா?” என்று விழுந்தது. ஆமாம் என்றேன். மறுமுனையை அழைக்கும் மணியை நீ இரண்டு முறை அடித்தாய். அன்றிலிருந்து இரண்டு மணி என்றால் நீ, எனக்காக.

சொந்தப் பேச்சு கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் மேற்பார்வையாளரைப் பெரியவர் என்போம்; அவர் கண்டும் காணாமல் இருந்தார். தந்திகள் ஓய்ந்த நேரத்தில் ஆங்கில எழுத்திலேயே தமிழில் நாலு வரி, ஐந்து வரி பேசுவோம். காகிதத்தைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். ‘நீங்க’ ஒரே மாதத்தில் ‘நீ’ ஆயிற்று. ஒருநாள், “மலாக்காவுல என்ன விசேஷம்?” என்று கேட்டாய். “கடல் இருக்கு. நேத்தும் இருந்துச்சி,” என்று தட்டினேன். உன் பக்கத்திலிருந்து மணி விடாமல் அடித்தது. நீ சிரிக்கிறாய் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. என்னால் ஒருத்தி சிரிக்கிறாள். வாழ்க்கையில் அதற்குமுன் யாரும் என் பேச்சுக்குச் சிரித்ததில்லை. பேச்சைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

“ஒன் வாய்க்கு முன்னால யாரு நிப்பா? நேர்ல பேசுனா பொழுது போறதே தெரியாது,” என்று ஒருமுறை எழுதினாய். அந்தக் காகிதத்தை மட்டும் பலமுறை எடுத்துப் படித்தேன். மகிழ்ச்சியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். பொறியின் மணி இரண்டு முறை அடித்தது. வேலை மும்முரமான நேரத்தில் நீ பேச வரமாட்டாய்.

“மலாக்கா, ஒக்காந்திருக்கியா?”

“நின்னுக்கிட்டா தட்டுவாங்க?” என்றேன் விளையாட்டாக.

மணி அடிக்கவில்லை. “ஒன் பக்கத்துல யாரு இருக்கா?”

“பெரியவர் இருக்காரு. ஏன்?”

“அவர கூப்புட்டு பக்கத்துல நிக்க சொல்லு. செந்தூல்ல இருந்து ஒன் தம்பி வந்திருக்கான். தந்தி குடுத்திருக்கான். எனக்கு அத அனுப்ப கை வரல.”

என் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே இருந்தன. நீ தொடர்ந்து தட்டினாய். “அப்பாவுக்கு காலையில நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோக முடியல. அப்பா இப்ப இல்லம்மா. நான் இங்கதான் இருக்கேன். லைன விட்டு போகல. ஒனக்கு எப்ப முடியுதோ அப்ப ஒரு எழுத்து தட்டு.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் முழுக்க எத்தனையோ ஊர்களின் தந்திகள் உன் மேசையில் குவிந்திருக்கும். நீ லைனைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கடைசியில் நான் ஏதோ ஓர் எழுத்தைத் தட்டினேன். அதன் பிறகுதான் தந்தி வந்தது, எல்லாத் தந்திகளையும் போல நாலே சொல்லில்.

கோலாலம்பூர் பஸ்ஸைப் பிடித்தேன். கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் இன்னும் முடியாத காலம். சிரம்பானுக்கு முன்னால் தடுப்பில் நிறுத்தி ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்த்தார்கள். செந்தூல் ரயில்வே குடியிருப்புக்கு நான் போய்ச் சேரும்போது அப்பாவைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரம்தான் இருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அம்மா சொன்னார்: “ஒரு பொண்ணு வந்துச்சி. ஒன்கூட வேல செய்றேன்னுச்சி. எம்பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்துச்சி. ஒனக்கு பதிலா அதுதான் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டுச்சி. நீ வர கொஞ்சம் முன்னாடிதான் போச்சி.”

வேலை முடிந்ததும் நேராக வந்திருக்கிறாய். அம்மாவோடு என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மலாக்கா திரும்பினேன். பொறியில் உட்கார்ந்ததும் இரண்டு மணி அடித்தேன். “யாரது, என்ன வேணும்?” என்று ஆங்கிலத்தில் விழுந்தது. வேறு ஆள். அவசர லைனைச் சொந்தப் பேச்சுக்குப் பிடித்து வைத்ததற்காக உன்னைக் கண்டித்து, படிவம் வாங்கும் முகப்புக்கு மாற்றிவிட்டார்கள் என்று பெரியவர் சொன்னார். என் பக்கம் விழுந்த காகிதத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. உன் பக்கத்துக் காகிதம் மாட்டிக்கொண்டது.

உனக்குக் கடிதம் எழுத உட்கார்வேன். என்னால் உன் இடம் போனது என்ற ஒரு வரியைத் தாண்ட முடியாது. கிழித்துவிடுவேன். நீதான் எழுதினாய். “மெர்டேக்காவுக்கு மறுநாள் லீவுதானே. காலையில ஒம்பது மணிக்கு கோலாலம்பூர் ரயில் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். பச்ச சேல கட்டியிருப்பேன். வா. பேசுனாலும் சரி, பேசாட்டியும் சரி.”

மெர்டேக்கா, சுதந்திர தினத்தன்று, ஊரெல்லாம் கொடியும் காகிதத் தோரணமுமாக இருந்தது. வீட்டுக்காரம்மா வாசலில் விளக்கு வைத்து எல்லோருக்கும் பலகாரம் கொடுத்தார். மறுநாள் விடியுமுன்னே புதுச் சேலை கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். முதல் பஸ்ஸின் படி வரை போனேன். உன்னைச் சிரிக்க வைத்த என் வரிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. நான் உன் முன்னால் வந்து நின்று, முதல் எழுத்தில் கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடித் திணறுவதை நீ பார்ப்பாய். வேடிக்கையாகப் பேசுகிற அந்தத் தோழி அந்தக் கணத்தோடு செத்துப்போவாள். பஸ் கிளம்பிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. நான் நடந்தே காஜா பெராங்குக்குத் திரும்பினேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நீயும் பிறகு எழுதவில்லை.

அதற்குப் பின் சொல்ல அதிகமில்லை. கல்யாணம் கூடிவரவில்லை, நானும் கூட்டிக்கொள்ளவில்லை. பொறிகள் மாறின, பிறகு காணாமலே போயின. ஓய்வு பெற்று காஜா பெராங்கிலேயே சின்ன வீடு வாங்கினேன். தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அமைதியானவர் என்று சொல்வார்களாம்.

ஏழு மாதத்துக்கு முன் தமிழ்ப் பத்திரிகையில் உன் மரண அறிவிப்பைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியாது. பெயரையும், கீழே ‘தந்தி அலுவலக முன்னாள் ஊழியர்’ என்ற வரியையும் பார்த்துத்தான் நீ என்று தெரிந்துகொண்டேன். தம்பி மகள்தான் உன் வீட்டுக்குப் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு அவளே என்னைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போனாள்.

உன் மகள் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மலாக்கா ஆன்ட்டி,” என்றாள். “அம்மா ஒங்கள அப்படித்தான் சொல்லுவாங்க.”

அன்று ரயில் நிலையத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். “நான்... நான்...” என்பதோடு நின்றுவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

“பரவால்ல ஆன்ட்டி, மெதுவா சொல்லுங்க. ஒங்களுக்கு பேச்சு திக்கும்னு எனக்கு தெரியும். அம்மா சொல்லியிருக்காங்க.”

என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள்.

“ஒங்கப்பா தவறுன அன்னிக்கு ஒங்கம்மா எங்கம்மா கைய புடிச்சிக்கிட்டு கேட்டாங்களாம், ‘எம்பொண்ணுக்கு வாய் திக்கும், யாருகிட்டயும் பேச மாட்டாளே, ஒங்கிட்ட எப்படிம்மா பேசுனா?’ன்னு. நல்லா பேசுவா, என்னைய சிரிக்க வைப்பான்னு அம்மா சொன்னாங்களாம். ஒங்கம்மா அதக் கேட்டுத்தான் அன்னிக்கு ரொம்ப அழுதாங்களாம்.”

“ஸ்... ஸ்டேஷன்ல?”

“மத்தியானம் வரைக்கும் நின்னாங்களாம். கோவமெல்லாம் இல்ல ஆன்ட்டி. பயந்திருப்பா, இன்னும் கொஞ்சம் நிப்போம்னு நின்னேன்னு சொல்லுவாங்க.”

உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதும்போதே தெரிந்திருக்கிறது. ‘பேசாட்டியும் சரி’ என்று நீ எழுதியதை வெறும் வார்த்தையாகப் படித்துவிட்டேன். உனக்கு முன்பே தெரிந்த ஒன்றை உன்னிடமிருந்து மறைப்பதற்காக ஐம்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்திருக்கிறேன்.

உன் படத்தின் முன் நின்றபோதுதான் உன் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது தோன்றியது. விரலால் எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன். சொல்ல முயன்றேன். முதல் எழுத்திலேயே நின்றது. உன் மகளும் என் தம்பி மகளும் அந்தச் சொல்லை எனக்காக முடித்து வைக்கவில்லை. சும்மா நின்றார்கள். வெகு நேரம் கழித்து அது வந்தது.

இப்போது தினமும் காலையில் ஒருமுறை, இந்த வீட்டில் கேட்க யாரும் இல்லாவிட்டாலும், உன் பெயரைச் சத்தமாகச் சொல்கிறேன். சில நாள் சட்டென்று வந்துவிடுகிறது. சில நாள் தொண்டையிலேயே நிற்கிறது. நின்றால் முன்போல நான் பாதியில் விட்டுவிடுவதில்லை. வரும்வரை நிற்கிறேன். நீ மத்தியானம் வரை நின்றிருக்கிறாய்.