என்னைக் கேட்காமல் போட்ட கையெழுத்து

அச்சங்குளம்
12.11.2006

செழியனுக்கு, அப்பா எழுதுவது.

என் மூத்திரப்பையை எடுத்துவிடச் சம்மதம் என்று, என்னைக் கேட்காமல் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஸ்கேன் கவருக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுக்கட்டியைச் சுரண்டக் கொடுத்த மயக்கம் தெளியாமல் நான் கிடந்தபோது நீயும் டாக்டரும் பேசி முடித்திருக்கிறீர்கள்.

முதல் தப்பு என்னுடையதுதான். பட்டாசுக் கம்பெனியில் வாணத்துக்கு நிறம் கொடுக்கும் சிவப்பு மணிமருந்து உருட்டும் நாளில் எச்சிலும் வேர்வையும்கூடச் சிவப்பாக வரும். மூத்திரம் சிவந்தபோதும் கலர் இறங்குகிறது என்றே இருந்துவிட்டேன். "நமக்கு உள்ளுக்குள்ளயும் தீவாளிதாம்லே" என்று கூட மருந்து உருட்டும் ஒச்சப்பன் சிரித்தான். எட்டு மாதம் போனது. அதற்காக என் வாயை அடைக்க உனக்கு உரிமை வந்துவிடாது.

போன வருஷம் கட்டியைச் சுரண்டி எடுத்து, ஆறு வாரம் குழாய் வழியாகக் காசநோய்த் தடுப்பு மருந்தை உள்ளே விட்டார்கள்; இந்தப் புற்றுக்கும் அதுதான் மருந்தாம். மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், குளிர்காய்ச்சல். விருதுநகர் வருவதற்குள் மூன்று முறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கினேன். ஒருமுறை வேட்டி நனைந்தது. அதையும் தாங்கினேன்.

இப்போது மறுபடி இரண்டு கட்டி வந்து, அதையும் சுரண்டியாயிற்று. வெள்ளிக்கிழமை நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன். இன்னும் தசைக்குள் இறங்கவில்லையாம். மூத்திரப்பையை எடுத்துவிடுவதே பத்திரமாம், ஆனால் சாகும்வரை வயிற்றில் பை கட்டி அதில்தான் மூத்திரம் பிடிக்க வேண்டும். அதே மருந்தை இன்னொரு ஆறு வாரம் விட்டும் பார்க்கலாமாம். மருந்துக்கு நோய் கேட்காமல் போனால், பிறகு எடுத்தும் பயனில்லாமல் போகலாம் என்றார். ஒளிக்காமல் சொன்னார். நீ சொல்லவில்லை.

"புள்ள பயந்துபோயிப் போட்டிருக்கான். நீக என்னமோ சொத்த எழுதி வாங்கிட்ட மாதிரி குதிக்கீக" என்கிறாள் உன் அம்மா. பயந்தவன் என்னிடம் வந்து பயந்திருக்கலாம்.

இந்த வாரமே நீ மதுரை போய் அந்தத் தாளை ரத்து செய். உன் அம்மா யாரிடமும் அழுது வைக்காமல் இருக்கட்டும். நான் அடுத்த திங்கட்கிழமை முதல் ஆறு வாரமும் மருந்துக்குப் போவேன். மூன்றாம் மாதம் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால், எடுங்கள் என்று நானே சொல்வேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நில். பேச வேண்டாம். நின்றால் போதும்.

நன்றாக இரு.

அய்யாதுரை