வலை ஈயமும் அப்பாவின் துறப்பணமும்

ஆனி 8, செவ்வாய்

சோளகக் காற்று. கூரைத் தறப்பாள் விடிந்ததிலிருந்து என்னோடு மல்லுக்கு நிற்கிறது. மனைவி பாக்கியம் தந்த தேநீரில் பாதி மண். குடித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த சொந்த ஊர் மண்.

கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் இன்று எங்கள் வீட்டு வளவுக்கு வந்தார்கள். பழைய முருங்கை நின்ற இடத்தில் அவர்களின் கருவி காணாமற்போன பிள்ளையைக் கண்ட தாய் மாதிரிக் கத்தியது. சிவப்புத் தடி நட்டார்கள். மண்டையோட்டுப் பலகை. என் வளவுக்குள் நானே கால் வைக்கக் கூடாது.

அங்கே இருப்பது என்னவென்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான், பாக்கியம். இடம்பெயர்ந்த அன்று நாங்களே மண்ணுக்குள் தாட்டது. அப்பாவின் சாமான் பெட்டி.

அப்பா இடியன் துவக்குச் சக்கரவர்த்தி. வாய்ப்பக்கத்தால் மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கி. வயலில் பன்றி விரட்ட லைசென்சோடு வைத்திருப்பார்கள். அவர் செய்த துவக்கு உயிலங்குளத்தில் வெடித்தால் முருங்கனில் பன்றி விழும், தலைமன்னாரில் புகை மணக்கும், இராமேசுவரத்தில் ஐயர் காதைப் பொத்துவார். (பன்றி மட்டும் கொஞ்சம் கூடுதல்.)

பெட்டியில் சுத்தியல், அரம், குறடு. அவை கிடைத்தால் பட்டறை. பட்டறை இருந்தால் சோறு. ஆனால் அவற்றோடு குண்டு வார்க்கிற அச்சும், துவக்குக் குழாய் குடைகிற நீளத் துறப்பணமும் கிடக்கின்றன. இந்தக் காலத்தில் இராணுவம் அதைப் பார்த்தால் பெட்டியும் போகும், சில வேளை நானும் போவேன்.

பாக்கியம்: "இஞ்சருங்கோ, கேட்டால் 'தெரியாது' எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு மேல உங்கட வாயில இருந்து ஒரு சொல் வரக்கூடாது."

சம்மதித்தேன்.

ஆனி 9, புதன்

அதே காற்று. தலையிடி. பனடோல் மாத்திரை முடிந்துவிட்டது.

சுமதி என்ற பிள்ளை, முருங்கன்காரி, முகத்துக்குக் கண்ணாடித் தட்டி, நெஞ்சுக்குக் கவசம், முழங்காலில் நின்று தூரிகையால் மண் தட்டுகிறாள். அப்பாவின் பெட்டிக்கு இவ்வளவு மரியாதை அவர் உயிரோடிருந்தபோதும் கிடைத்ததில்லை.

வெயிலில் பாவமாக இருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று, "பிள்ளை, அது வெடிக்காது" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாமா?"

"கனவு கண்டனான்."

"அப்ப மற்ற வளவுகளையும் கனவில பாத்துச் சொல்லுங்கோ. நான் வீட்டை போய்ப் படுக்கிறன்."

பாக்கியம் இரவு எனக்குச் சோற்றை மட்டும் போட்டு, கறிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஆனி 10, வியாழன்

பெட்டி வெளியே. தறப்பாளில் பரப்பி வைத்தார்கள். இராணுவ முகாமிலிருந்து ஒரு அதிகாரி வந்து அச்சைத் தூக்கி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சுமதி தமிழாக்கினாள்.

சொல்ல வேண்டியது ஒரே சொல். வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "வலைக்கு ஈயம் வார்க்கிற அச்சு, சேர். மன்னார்க் கடலில் ஓடுற வலையில அரைவாசி எங்கட அப்பாவின்ர ஈயத்திலதான் தாண்டது."

அதிகாரி துறப்பணத்தைத் தூக்கினார். என் நெஞ்சளவு உயரம். "இது?"

"ஈயத்துக்கு ஓட்டை போட."

கடலைப் பருப்பளவு ஈயம். சுமதி கண்ணாடித் தட்டியைக் கீழே இறக்கிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

பெட்டி முகாமுக்குப் போயிற்று. நாளைக்கு வார்த்துக் காட்டவேண்டுமாம், ஒரு மீன்பிடிகாரர் சரி என்று சொல்லவேண்டுமாம். தலைமன்னார் மீன்பிடிகாரன் பீற்றருக்குப் போன் எடுத்தேன். இந்தியாவில் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்துக் கூடாரம்.

"அண்ணை, நீங்கள் கடலைக் கண்டது வள்ளத்தில ஓடேக்கைதானே. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு."

"வாறியோ இல்லையோ?"

"வாறன். ஆனா பொய் சொல்ல மாட்டன். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை எடுக்கிற ஆள்."

பாக்கியம் என் மாற்றுச் சாரத்தையும் சவர்க்காரக் கட்டியையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாள். பிடித்துக்கொண்டு போனால் உதவுமாம்.

ஆனி 11, வெள்ளி

பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். இரண்டு.

முகாம் முற்றத்தில் அதிகாரி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பீற்றர் கொண்டுவந்த பழைய ஈயத்தைச் சிரட்டைக் கரியில் உருக்கி அச்சில் ஊற்றினேன். குண்டு முத்துப்போல வந்து விழுந்தது. ஒரு கணம் அப்பாவை நினைத்துப் பெருமைப்பட்டேன். பிறகு ஓட்டை போட வேண்டும் என்ற நினைவு வந்தது. துறப்பணத்தை வைத்து ஒரு சுற்றுத்தான் சுற்றினேன், குண்டு துள்ளி அதிகாரியின் தேநீருக்குள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயம்.

பீற்றர் கோப்பைக்குள் விரல் விட்டுக் குண்டை எடுத்தான். உருட்டிப் பார்த்தான். "இது வலை ஈயம் இல்லை" என்றான். பாக்கியம் கட்டித் தந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவன் மடியிலிருந்து கத்தி எடுத்துக் குண்டைப் பாதி கீறி, தூண்டில் நூலைச் செருகி, பல்லால் கடித்து இறுக்கினான். "ஆனா தூண்டிலுக்குத் திறமான ஈயம். ஓட்டை என்னத்துக்கு? அண்ணை, எனக்கு ஒரு வாளி வார்த்துத் தாங்கோ."

சுமதி மொழிபெயர்த்தாள். அதிகாரி தலையாட்டினார். பெட்டி எனக்கு. அச்சும் எனக்கு. பிறகு அவர் துறப்பணத்தை எடுத்தார். ஓட்டை தேவையில்லை என்றால் இதுவும் தேவையில்லைத்தானே என்றாராம்.

நியாயம். என் பொய்க்கு என் சாட்சியே வைத்த ஆப்பு.

போகும்போது அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மற்றக் கண்ணை மூடி, நுனிவரை ஓடப் பார்த்தார். கம்பி வளைந்திருக்கிறதா என்று அப்பா பார்ப்பது அப்படித்தான். துவக்கு வேலை தெரியாத ஒருவர் அப்படிப் பார்க்கமாட்டார்.

பாக்கியத்துக்குச் சொல்லவில்லை.

ஆனி 13, ஞாயிறு

காற்றுக் குறைவு. பட்டறை மூட்டியாயிற்று. நாலு அரிவாள் வந்திருக்கிறது (நாற்பது என்று பீற்றரிடம் சொன்னேன்). தேங்காய் இன்னும் உடைக்கவில்லை.

மத்தியானம் சுமதி ஒரு கோடரியோடு வந்தாள். முகாம் சமையல் குசினியினுடையது, அதிகாரி தீட்டித்தரச் சொன்னாராம். வாய் மழுங்கி உலக்கை மாதிரி.

"அவர் வேற ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா. அந்த ஓட்டை போடுறது இன்னும் நேராத்தான் இருக்காம். உங்கட அப்பா நல்ல வேலைகாரனாம்."

பாக்கியம் அடுப்படியிலிருந்து: "வாயைத் திறக்காமல் கோடரியைத் தீட்டுங்கோ."

தீட்டுகிறேன்.