வளையத்துக்குள் பொட்டாசியம்

இன்று காலை உங்கள் தோப்பில் இளநீர் சீவினார்கள். பச்சை மட்டை வாசம் வந்ததும் என் கை தானாகப் பப்பாளித் தண்டை ஒடித்தது. ஒடித்த பிறகுதான், உறிஞ்ச நீ இல்லை என்பது உறைத்தது. அசதியாக இருக்கிறது, மாப்ளே. கிண்டல்கூட உதடு வரை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உன் சிறுநீரகம் கெட்டதும் கோயம்புத்தூர் டாக்டர் முதலில் நிறுத்தியது இளநீரைத்தான். அதில் பொட்டாசியம் நிறைய. வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுவிடுமாம். நம் பெருமாட்டி ஊரில் அதை யார் நம்புவார்கள்? உன்னைப் பார்க்க வந்தவர்கள் கையிலெல்லாம் இளநீர். "நம்ம மரத்துதுதான, என்ன பண்ணிப்புடும்? ரெண்டு வாய் குடி சாமி" என்று எதிரிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மறுத்தால் உன் அம்மாவுக்குப் பொல்லாப்பு.

"நான் சீவிக் கொண்டாறேனுங்க" என்று புறக்கடைக்குப் போவேன். இளநீர் என் வயிற்றுக்குள். டாக்டர் உனக்கு அளந்து அனுமதித்த தண்ணீரில் கொஞ்சம் இளநீர்க் கூட்டுக்குள். நீ ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடுவாய். "அடடா, என்ன இனிப்பு!"

கல்லூரி நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த பத்திரிகையில்தான் வாலினோமைசின் என்ற மூலக்கூறைப் பிடித்தாய்.

"பேர்லயே வால் இருக்குது. எனக்குச் சொந்தமாடா?" என்றாய்.

"இதுக்கு வாலே இல்லடா, வாலு. தலையும் வாலும் ஒட்டிக்கிட்ட வளையம்."

செல்லின் சவ்வு எண்ணெய் மாதிரி. தண்ணீரைப் போர்த்திக்கொண்டு வரும் உலோக அயனியை உள்ளே விடாது. இந்த வளையமோ போர்வையைக் கழற்றிப் பொட்டாசியத்தை நடுவில் உட்காரவைத்து, தன் உள்பக்க ஆக்சிஜன்களால் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் எண்ணெய்க் குணம் என்பதால் சவ்வு நம் ஆள்தான் என்று விட்டுவிடும். "கூட்டைக் காட்டி நீ ஊரை ஏமாத்தறயே, அதே வேலைதான்" என்றாய்.

நான் எழுந்தேவிட்டேன். "அப்ப உனக்கு அதைக் குடுத்தா ரத்தத்துல இருக்கறதைத் தூக்கிட்டுப் போயிருமல்ல?"

நீ சிரிக்கவில்லை. "அது சுமக்கும், அவ்வளவுதான். அதிகமா இருக்கற பக்கத்துல இருந்து கம்மியான பக்கம் போகும். செல்லுக்குள்ளதாண்டா பொட்டாசியம் அதிகம். அதையும் கொண்டாந்து ரத்தத்துல கொட்டிப்புடும். எனக்கு அது வெசம்." பத்திரிகையை மூடி வைத்தாய். "விடு. தாகமா இருக்குது, உன் இளநியைக் கொண்டா."

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்கு மெட்ராஸில் சொல்லி வைத்திருந்தார்கள். அங்கிருந்து உன் முறை வந்துவிட்டதென்று ஆள் வருவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இன்று உனக்குப் படையல். காலையில் சீவியது அதற்குத்தான். ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தபோது உன் அம்மா உடனே வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இதுல தண்ணி மாத்தலையே, கண்ணு?"

அத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இல்லீங்கம்மா. இது நெசம்."

"அப்ப வை. இனியாவது குடிக்கட்டும்."

உன் படத்துக்கு முன்னால் வைத்துத் தண்டைச் செருகினேன். ஒடித்ததில் மிச்சத் துண்டு சட்டைப் பையில் வாடிக் கிடக்கிறது. எடுத்து எறியக் கை வரவில்லை.