இலையா, களையா?

சம்பந்தியம்மா,

இன்று மீன் கறிக்காக, இப்போது நான் இருக்கும் ரவாங் வீட்டுத் தொட்டியில் வளரும் புளிப்பிலையைக் கிள்ளிக் கசக்கினேன். வாசம் மூக்கில் ஏறியதும், இடுப்பில் கைவைத்து நீங்கள் வாசலில் நிற்பது போலிருந்தது. ஆள் போனாலும் அதிகாரம் போகவில்லை.

எண்பதுகளில், உங்கள் மகனுக்கு என் மகளைப் பேச ராசா ஊரிலிருந்து எங்கள் கலும்பாங் தோட்டத்துக்கு வந்தீர்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடை நிழலில், உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிசாய்ப் படர்ந்த புளிப்பிலையைப் போட்டுத்தான் கறி வைத்திருந்தேன். நீங்கள் சட்டியிலிருந்து ஒன்றைத் தூக்கிப் பிடித்தீர்கள்.

"இது இலையா, களையா? எங்க வீட்டுப் பின்னால வெயில் பாறையில சின்னதா, செவப்பா முளைக்குதே, அதுதான்லா அசல்."

நான் விடுவேனா? "அது வெயில்ல வதங்குன சவலைப்பிள்ளை," என்றேன்.

தாம்பூலம் மாற்றாமலே எழுந்துவிட்டீர்கள். என் மகள் உள்ளே அழுதாள். உங்கள் மகன் பாதிச் சோற்றில் எழுந்து போனான், பாவம்.

கடைசியில் பிள்ளைகள்தான் வழி சொன்னார்கள். இடம் மாற்றி நட்டுப் பாருங்கள், குணம் மாறாமல் நிற்பதே அசல் என்று. அதுவரை கல்யாணப் பேச்சில்லை. என் செடி உங்கள் பாறைக்குப் போனது. உங்கள் செடியை எங்கள் ஓடையோரம் நீங்களே நட்டு, அடையாளத்துக்குக் குச்சியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டினீர்கள்.

மழைக்காலம் கழிந்து தீர்ப்புச் சொல்ல வந்தீர்கள். குனிந்து ஓர் அகல இலையைக் கிள்ளினீர்கள்.

"பாருங்க, உங்க களை அப்படியேதான் இருக்கு!"

"சம்பந்தியம்மா, பக்கத்துல குச்சியப் பாருங்க. அது நீங்க நட்டது."

கிழிசல் காற்றில் ஆடியது. அதைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"என் செடியையும் கெடுத்துட்டீங்களே!"

"என்னோடது மட்டும் என்னவாம்? உங்க பாறையில சிறுத்துச் செவந்து, உங்கள மாதிரியே முறைச்சிக்கிட்டு நிக்குதாமே. உங்க மகன்தான் சொன்னாரு."

அப்போதுதான் சிரித்தீர்கள். "செடியே எடத்துக்குத் தக்கன ஒட்டிக்குது. உங்க பொண்ணும் ஒட்டிக்குவா. தாம்பூலத் தட்டக் கொண்டாங்க."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நம் பேத்தியோ பல்கலைக்கழகத்தில் இதே செடியைப் படிக்கிறாள். தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. இந்த மலைப்பக்கம் தவிர உலகத்தில் எங்கும் இது தானாக முளைக்காதாம். நிழலும் ஈரமும் இலையை அகட்டுமாம், வெயில் சுருக்குமாம். சில குணம் மட்டும் எங்கே நட்டாலும் போகாதாம். "எது அசல்?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே செடிதான் பாட்டி," என்றாள். தொட்டியில் இருப்பது இப்போது உங்களுடையது மாதிரியும் இல்லை, என்னுடையது மாதிரியும் இல்லை.

மத்தியானம் மகள் வந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். கை இடுப்புக்குப் போனது.

"அம்மா, இது இலையா, களையா?"

மூக்கும் முழியும் என்னுடையவை. முறைப்பு உங்களுடையது. நல்ல பாறையில்தான் நட்டிருக்கிறேன், சம்பந்தியம்மா.