பால் காய்ச்சுக்கு அழைச்ச மெயில்

சக்குபள்ளம்,
வெள்ளிக்கிழமை

முனீசுக்கு அம்மா எழுதுறது. விடாத மழையும் ஒங்கப்பா இருமலும் போக இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அங்க நீ குளிருக்கு ஒழுங்கா உடுத்தி நேரத்துக்குச் சாப்ட்டு சுகமா இருக்கணும்னு மாரியம்மாகிட்ட சொல்லியிருக்கேன். பக்கத்து வீட்டு டிஜோ அடுத்த வாரம் நீ இருக்குற டப்ளினுக்கே வேலைக்கு வர்றான், அவன் கையில ஏலக்காயும் இந்தக் கடுதாசியும் குடுத்து விடுறேன். ஒம்பதாங் கிளாஸோட நின்ன கை, பிழை இருந்தாச் சிரிக்காத.

மேல புதுசாக் கட்டுன ரெண்டு ரூமும் காலியாக் கெடக்குடா. எல்லாம் என்னாலதான். பால் காய்ச்சினப்ப, நம்ம ஹோம்ஸ்டேல தங்குனவங்க, ஏலக்காய் வாங்குனவங்க, சும்மா வாடகை கேட்டவங்கன்னு கம்ப்யூட்டர்ல எத்தன மெயில் இருந்துச்சோ அத்தன பேருக்கும் ஒரே அமுக்குல அழைப்பு அனுப்பிட்டேன், குடும்பத்தோட வந்து சாப்ட்டுப் போங்கன்னு. ஒருத்தர விட்டாலும் நாளப்பின்ன மொகத்துல முழிக்க முடியாதேன்னு பயம். அவங்களுக்கு அது வெளம்பரமாத் தெரிஞ்சிருக்கு. கொஞ்சம் பேரு ஸ்பேம்னு அமுக்கிட்டாங்க, அதுலருந்து நாம எத அனுப்பினாலும் அந்தக் குப்பைக்குள்ளதான் போய் விழுது. அவங்களா ரூம் கேட்டு எழுதினாலும் நம்ம பதில் போய்ச் சேரல. ஓணத்துக்கு வர்றோம்னு கோட்டயத்துலருந்து ஒரு டீச்சர் கேட்டாங்க, அன்னிக்கே சரின்னு போட்டேன். அப்புறம் போன் பண்ணி, இல்லேன்னு சொல்லக்கூட ஒங்களுக்கு மரியாதை இல்லையான்னு கேட்டுட்டு வேற எடத்துக்குப் போயிட்டாங்க.

கம்ப்யூட்டர் சென்டர் நிமிகிட்ட போனேன். சேச்சி, வெளிநாட்ல எல்லாம் சட்டம் இருக்கு, சம்மதம் வாங்காம வியாபார மெயில் போடக் கூடாது, வேண்டாங்கிறவங்க வெலக வழியும் வைக்கணும்னா. அழைக்கட்டுமா வேண்டாமான்னு கேட்டுட்டாடி பத்திரிகை வைப்பாங்கன்னு கத்திட்டேன். நித்தம் லோன் வேணுமா லோன் வேணுமான்னு உசுர வாங்குறவன் நல்லா இருக்கான், பால் காய்ச்சினவ மாட்டிக்கிட்டேன். ஒங்கப்பா மலையாளத்துல சாரமில்ல சாரமில்ல, போனாப் போவுதுன்னுட்டு செடிக்கு மருந்தடிக்கப் போயிட்டாரு. ஆனா அந்த லோன்காரன அமுக்க ஒரு பட்டன் கெடைச்சா நானும்தான் அமுக்குவேன், அதனால அவங்களையும் குத்தம் சொல்ல முடியல. அலுத்துப் போச்சு.

நிமி செட்டிங் எல்லாம் சரி பண்ணி, எங்க மெயில் ஒங்களுக்கு வேணுமான்னு எல்லாருக்கும் கொஞ்சங்கொஞ்சமா அனுப்புனா. பதில் போட்டவங்க ரொம்பக் கம்மி. ஒரு ஜெர்மன் அம்மா மட்டும், பால் காய்ச்சுக்கு வர முடியாததுக்கு மன்னிக்கணும்னு எழுதியிருந்தாங்க, அதப் படிச்சுட்டு அங்கயே அழுதுட்டேன். மத்தவங்கள லிஸ்ட்லருந்து ஒவ்வொரு பேரா எடுத்தோம், வந்த விருந்தாளிய வாசல்லயே திருப்பி அனுப்புற மாதிரி இருந்துச்சு. நடுவுல ஒம் பேரு வந்துச்சு. பதில் இல்ல. ஏ, இது எம் மகன்டின்னு நிமி கையப் புடிச்சிட்டேன். மகன்னாலும் சம்மதம் வேணும் சேச்சின்னு சிரிச்சா. வெளாட்டுக்குத்தான் சொன்னா, ஆனா எனக்குச் சிரிப்பு வரல. எடுத்துருன்னுட்டேன்.

நல்லா இரு சாமி, மாரியம்மா ஒனக்குத் துணையா நிப்பா. ஏலக்காய காத்துப் புகாம மூடி வை. அம்மா எழுதுறது ஒனக்கு வேணும்னா ஒரு வார்த்தை போடு, நானே ஒம் பேர மறுபடி சேத்துக்கிறேன்.

ஒன் அம்மா
இந்து பொன்ராஜ்